மதினி முகத்தில் ஒரு கம்பெனி

கருவாரு ஊரில் ஒரு பல்பசை வாங்கப் போனாலும் கல்லாவில் இருக்கிற பெண் காசைக் கேட்பதற்கு முன்னால் நம்பரைக் கேட்பாள். "பில்லுல வரி நம்பர் போடட்டுமா?" உடனே வாங்க வந்தவர் தன் பதினோரு இலக்க நம்பரைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒப்பிப்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் காது உண்டு என்று ஒருவருக்கும் தோன்றாது. லிண்டால்வாவும் அந்த ரகம்தான். மருந்துக்கடை, ரொட்டிக்கடை, நூல்கடை எங்கே போனாலும் ஜெபமாலை சொல்லுகிற ராகத்தில் தன் நம்பரைச் சொல்லுவாள். அவள் தையல் மெஷினுக்கு மேலே கூண்டில் தொங்கும் கிளிக்கு முதல் மூன்று இலக்கம் மனப்பாடம். மீதியும் வந்திருக்கும், கிளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அவள் தங்கை ரோசில்டாவின் புருஷன் வால்டெமிருக்கு இந்தப் பதினோரு இலக்கம் என்றாலே இளக்காரம். கால் கிலோ வெங்காயம் வாங்கினால்கூட, "கம்பெனி நம்பர்ல போடும்மா. பதினாலு இலக்கம். நிதானமா எழுதிக்கோ, அவசரமில்ல" என்பான். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவசரம் இருக்கும். அதைப் பற்றி அவனுக்கு என்ன? "பதினொண்ணு கூலிக்காரனுக்கு, பதினாலு முதலாளிக்கு" என்பது அவன் கண்டுபிடித்த தத்துவம். அதை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், கோழிக்கால் வாயில் இருக்கும்போதே, குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லுவான்.

முதலாளி என்றதும் ஆலை, லாரி என்று ஏதாவது நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. பின்கதவைக் கயிற்றால் கட்டிய ஒரு பழைய வண்டி. அதன் முதுகில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஒலிபெருக்கிச் சுவர். கல்யாணம், ஞானஸ்நானம், தேர்தல், எதற்குக் கூப்பிட்டாலும் போய் நின்று ஊரின் காதைக் கிழித்துவிட்டு வருவான். அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

அதற்கு முன்னால் சொந்தப் பேரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு வருஷம்கூட ஒப்படைக்கவில்லை. "முதலாளி எங்கயாவது கணக்கு எழுதுவானா?" என்று கேட்டான். கடை முழுகியது, நம்பரும் முழுகியது. ஒரு ஆளுக்கு ஒரே ஒரு சின்னத்தொழில் நம்பர்தான் என்பது சட்டம். பழையதைக் கரையேற்றாமல் இவனுக்குப் புதுப் பதினாலு எங்கிருந்து முளைத்தது என்று குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை. சத்தமாகப் பேசுகிறவனிடம் மனிதர்கள் கேள்வி கேட்பதில்லை. வால்டெமிரின் மொத்த முதலீடும் அந்தச் சத்தம்தான்.

லிண்டால்வா தையற்காரி. ஜூன் மாதம் யோவான் திருவிழாவில் ஆடுகிற ஜோடி நடனக் குழுக்களுக்கு உடுப்புத் தைப்பாள். அவள் தைத்த பாவாடை சுற்றினால் குடை மாதிரி விரியும், நின்றால் மடிப்புக் கலையாமல் அடங்கும். ஆனால் அந்தப் பாவாடைகளின் இடுப்புப் பட்டிக்குள் இருக்கும் லேபிளில் வேறொருத்தி பேர். பெரிய தெருவில் கடை வைத்திருக்கும் எவனில்டே என்ற சீமாட்டிதான் ஆர்டர் எடுப்பாள், பில் போடுவாள், பூங்கொத்தோடு மேடையேறிப் படமும் எடுத்துக்கொள்வாள். லிண்டால்வாவுக்குக் கூலி வரும், அதுவும் ஆகஸ்டில்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, 'மின்மினி' நடனக் குழுவின் தலைவர் ஜுராசி நேராக லிண்டால்வாவின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தோனா லிண்டால்வா, இந்தத் தடவை மொத்தக் குழுவுக்கும் நீங்களே தைக்கறீங்க. உங்க பேர்லயே."

"எவனில்டே அம்மா என்ன சொல்லுவாங்க?"

"என்னத்தைச் சொல்லுவா? ஊசில நூல் கோக்கத் தெரியாத பொம்பளை. போன வருஷம் எங்க நடனத்துல மணப்பொண்ணா ஆடறவ பாவாடையைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, 'இதான் முன்பக்கம்'னு எனக்கே பாடம் நடத்துனா."

லிண்டால்வாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை ஜூன் மாதங்கள் அவள் கூட்டத்துக்குள் நின்று தன் பாவாடைகளுக்குத் தானே கைதட்டியிருக்கிறாள்!

"ஆனா ஒண்ணு," என்றார் ஜுராசி. "நகராட்சி குடுக்கற காசு இது. பில் இல்லாம சல்லிக்காசு பேராது. உங்க பேர்ல ஒரு தொழில் நம்பர் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துட்டீங்கன்னா ஆர்டர் உங்களுக்கு. இல்லேன்னா நான் மறுபடி அந்தம்மா வாசல்ல போய்ப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கணும். என் பல்லுக்கும் வயசாச்சு."

மறுநாள் காலையில் லிண்டால்வா நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, சின்னத்தொழில்காரர்களுக்கு நம்பர் எடுத்துக் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனாள். தைனாரா என்ற சின்னப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சீதாப்பழப் பாலைக் குழலில் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். லிண்டால்வா வழக்கமான ராகத்தில் பதினோரு இலக்கத்தையும் பாடினாள். தைனாரா தட்டினாள். திரையைப் பார்த்தாள். குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தோனா, உங்களுக்குத்தான் ஏற்கெனவே கம்பெனி இருக்கே?"

"எனக்கா? எனக்கு இருக்கறது ரெண்டு மெஷினும் ஒரு கிளியும்."

"இதோ இருக்கு பாருங்க. பதினாலு இலக்கம். ஒண்ணரை வருஷமா ஓடுது. ஒருத்தருக்கு ஒண்ணுதான் தர முடியும். இது இருக்கிற வரைக்கும் புதுசா எடுக்க முடியாது."

"என்ன கம்பெனி அது?"

தைனாரா வாசித்தாள். "ஒலி, ஒளி அமைப்பு. கடைப் பேர்… 'வால்டெமிர் மெகா சவுண்ட்'."

கேளுங்கள் இந்தக் கூத்தை. அடுத்தவள் வீட்டுக்குள் புகுந்தவன் சத்தம் காட்டாமலாவது இருப்பான். இவன் உள்ளே போய்ச் சுவரில் தன் பேரையும் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

லிண்டால்வா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் எதுலயும் கையெழுத்துப் போடலியே, பொண்ணே."

"இப்பல்லாம் கையெழுத்து யாரு கேக்கறா? முகம் போதும். யாராவது உங்க மூஞ்சிக்கு நேரா போனைப் பிடிச்சு, கிட்ட வாங்க, கண்ணைச் சிமிட்டுங்கன்னு சொன்னாங்களா?"

சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், வறுத்த மரவள்ளி மாவுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மதினி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. பில்லுல நம்பர் குடுக்கறவங்களுக்கு அரசாங்கம் குலுக்கல் வெச்சிருக்கு, கார் பரிசு. உங்களையும் சேத்து விடறேன்" என்றான். அவளும் பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை. கார் கிடைக்கப்போகிற முகம் வெறுமனே இருக்கக் கூடாது என்று எழுந்து போய் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்து பார்த்தாள். சிமிட்டச் சொன்னபோது சிமிட்டினாள். "இன்னொரு தடவை, சிரிக்காம" என்றபோது சிரிக்காமலும் சிமிட்டினாள். நம்பர் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதுதான் ஊருக்கே மனப்பாடமாயிற்றே!

"கழுதை," என்றாள் லிண்டால்வா. வால்டெமிரைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று தைனாராவுக்குத் தெரியவில்லை.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம் தோனா. நியாயமா அதான் செய்யணும். ஆனா அது வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. அப்புறம், மாசாமாசம் கட்ட வேண்டியதை அவரு ஒரு மாசம்கூடக் கட்டல. அது நேரா உங்க பதினொண்ணு மேலதான் வந்து உக்காரும்."

"கம்பெனி வேற, நான் வேற இல்லியா?"

"பெரிய கம்பெனிக்குத்தான் அதெல்லாம். இந்தச் சின்னத்தொழிலுக்கு நம்பர் ரெண்டா இருந்தாலும் ஆள் ஒண்ணுதான். கம்பெனின்னு தட்டுனா நீங்கதான் திரும்பிப் பாக்கணும்."

லிண்டால்வா அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சத்தம் போடக் கூடாது, தங்கை வாழ்கிற வீடு, கேட்டால் விட்டுக் கொடுத்துவிடுவான். பாவம், தையற்காரிகளுக்கு எதையும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

வால்டெமிர் முற்றத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "உக்காருங்க மதினி. ரோசில்டா, உங்க அக்காவுக்குக் காபி கொண்டா" என்றான், ஏதோ வங்கி மேலாளர் மாதிரி.

"காபி வேண்டாம். என் நம்பர் வேணும்."

"உங்க நம்பர் உங்ககிட்டதான் இருக்கு. நான் தொட்டேனா? பதினொண்ணு உங்களுது, பதினாலு கம்பெனியுது. நீங்க உடம்புள்ள ஆளு. கம்பெனி சட்டத்துல ஆளு. அது வேற ஆளு மதினி. அந்த ஆளுக்கு வயிறு இல்ல, காலு இல்ல, வலி இல்ல. படிச்சவங்களுக்குப் புரியும்."

"வயிறு இல்லாத ஆளுக்கு என் மூஞ்சி எதுக்கு மாப்ளே?"

ரோசில்டா காபிக் கோப்பையோடு கதவருகே நின்றிருந்தாள். சிரித்துவிட்டாள். புருஷன் திரும்பிப் பார்த்ததும் இருமல் என்று ஆக்கிவிட்டாள்.

"சரி, கோவப்படாதீங்க," என்றான் வால்டெமிர். பெருந்தன்மை பொங்கியது. "உங்களுக்கு என்ன, பாவாடைக்கு பில் வேணும், அவ்வளவுதானே? நம்ம கம்பெனிலயே போட்டுக்கலாம். நீங்க தையுங்க. பில் நான் போடறேன். காசு எங்கிட்ட வரும், ஏதோ எனக்குன்னு நூத்துக்குப் பதினஞ்சு எடுத்துக்கிட்டு மிச்சத்தை உங்களுக்குக் குடுத்துடறேன். அடுத்தவன்னா முப்பது கேப்பான். குடும்பம்கறதால சொல்றேன்."

"லேபிள்ல என்ன பேர் போடுவே?"

"கம்பெனி பேருதான். மெகா சவுண்ட்."

பட்டுப்பாவாடைக்குள் 'மெகா சவுண்ட்' என்று லேபிள்! எவனில்டேயாவது துணி விற்கிறவள். லிண்டால்வா எழுந்தாள். ரோசில்டா வாசல்வரை கூடவே ஓடி வந்தாள்.

"அக்கா, பெருசு பண்ணாதக்கா. ஜூனுக்கு அவருக்கும் ஆர்டர் வந்திருக்கு. நம்பர் போச்சுன்னா என்னைத்தான் கடிச்சுத் துப்புவாரு. ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் நீ தச்சுக்கோ."

லிண்டால்வா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அடுப்படியிலேயே கிடந்து வெளுத்துப்போன முகம். "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னுதான் நம்ம ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அன்று இரவு அவள் தூங்கினாளா இல்லையா என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். புதன்கிழமை அலுவலகம் திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். அதுதான் முக்கியம்.

"பொண்ணே, அந்த நம்பர் யாருது?"

"உங்களுது, தோனா."

"அப்போ அதுல எழுதியிருக்கறதை மாத்தறதுக்கு யாரைக் கேக்கணும்?"

தைனாராவின் முகம் மலர்ந்தது. "யாரையும் கேக்க வேண்டாம்! மூட வேண்டாம், புதுசாவும் எடுக்க வேண்டாம். தொழில், கடைப் பேர், விலாசம் மூணையும் மாத்துனாப் போதும். பாஸ்வேர்டு அவருகிட்ட இருக்கும், அதையும் மாத்திடலாம். கிட்ட வாங்க. கண்ணைச் சிமிட்டுங்க."

லிண்டால்வா சிமிட்டினாள். இந்தத் தடவை உதட்டுச்சாயம் இல்லை. போன் அவளை அடையாளம் கண்டுகொண்டது. கடந்த ஒன்றரை வருஷத்தில் அந்தக் கம்பெனி தன் சொந்தக்காரியை முதல்முதலாகச் சந்தித்தது அப்போதுதான். ஒலி, ஒளி போயிற்று. 'பெண்கள் ஆடை தையல்' வந்தது. மெகா சவுண்ட் போயிற்று. பேர் என்ன போடட்டும் என்று தைனாரா கேட்டபோது லிண்டால்வா கூச்சத்தோடு தன் பேரைச் சொன்னாள். ஏதாவது பூ, நட்சத்திரம் என்று சேர்க்கலாமே என்றாள் தைனாரா. வேண்டாம் என்றாள்.

வால்டெமிர் கட்டாமல் விட்ட பாக்கி அவள் தலையில்தான் விழுந்தது. தவணை போட்டுக் கட்ட ஒப்புக்கொண்டாள். சட்டம் வஞ்சகனைத் தேடிப் போகாது, விலாசம் சரியாக வைத்திருப்பவளைத் தேடி வரும். அதைப் பற்றி அந்த அலுவலகத்தின் சுவரெங்கும் ஒட்டியிருந்த 'உங்கள் கனவு, எங்கள் சேவை' சுவரொட்டிகளில் ஒரு வரிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஜுராசி வந்து ஆர்டரை உறுதிசெய்தார். துணி வந்து இறங்கியது. மெஷின்கள் ஓயாமல் ஓடின. கிளி கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியது.

மே மாதம் ஒரு மத்தியானம், தெருமுனையிலேயே வால்டெமிரின் குரல் கேட்டது.

"மதினி! என் கம்பெனியைக் காணோம்!"

வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து கத்தரியை எடுக்காமலே லிண்டால்வா கேட்டாள். "எங்க வெச்சே?"

"விளையாடாதீங்க! பேட்டைச் சங்கத்துக்கு பில் போடலாம்னு உக்காந்தேன். பாஸ்வேர்டு தப்புன்னுது. சங்கத்துக்காரன் அவன் கம்ப்யூட்டர்ல நம்பரைப் போட்டுப் பாத்துட்டு, 'என்னய்யா, பெண்கள் ஆடை தையல்னு வருது'ங்கறான். அத்தனை பேரும் சிரிக்கறாங்க! 'வால்டெமிரு, என் பொண்டாட்டிக்கு ஒரு ரவிக்கை தச்சுக் குடு'ங்கறானுங்க!"

"தச்சுக் குடேன். கூலி நான் தரேன்."

"இது துரோகம்! கேஸ் போடுவேன்!"

"போடு மாப்ளே. யார் பேர்ல போடுவே? உன் நம்பர் செல்போன் கடையோட முழுகிடுச்சு. என் நம்பர்ல போடணும்னா சொல்லு, எனக்கு எதிரா நானே வந்து கையெழுத்துப் போடறேன்."

வால்டெமிர் வாயைத் திறந்தான், மூடினான். அந்த வாயிலிருந்து சத்தம் வராமல் ஒரு முழு நிமிஷம் கழிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். கடைசியில், "படிக்காத ஜென்மங்களோட பேச முடியாது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். வண்டி கிளம்பவில்லை. இறங்கி அவனே தள்ளிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து அதே வண்டி மறுபடி வந்து எதிர்ப்பக்கம் நின்றது. அவன் இறங்கவில்லை. ரோசில்டா மட்டும் இறங்கி வந்தாள். நல்ல உடுப்புப் போட்டு, கையில் கைக்குட்டையும் வைத்திருந்தாள்.

"உள்ள வாடி," என்றாள் லிண்டால்வா. "என்ன சொல்லி அனுப்பினான்?"

"அழச் சொன்னாரு." ரோசில்டா பாவாடைக் குவியல்களுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் போய் அழுதா உனக்கு மனசு இளகுமாம். ஒரு அரை மணி நேரம் அழுன்னாரு."

"அழறியா?"

"இல்லக்கா." கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வெளியே ஹாரன் ஒரு தடவை அடித்தது. "அக்கா, என் நம்பரையும் ஒரு தடவை பாக்கறியா?"

லிண்டால்வா போனை எடுத்தாள். இதற்குள் அவளுக்கே எல்லா வழியும் பழகிவிட்டிருந்தது. ரோசில்டா தன் பதினோரு இலக்கத்தை யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னாள். கிட்ட வரச் சொன்னபோது வந்தாள். சிமிட்டச் சொன்னபோது, கண்ணில் தண்ணீர் நின்றதால், இரண்டு தடவை சிமிட்ட வேண்டியிருந்தது.

இருந்தது. செல்போன் கடை முழுகினதுக்கு அடுத்தது, மெகா சவுண்டுக்கு முந்தியது. 'வி.ஆர். கார் உதிரிப் பாகங்கள்.' ஒரு போல்ட்டுகூட விற்காத கம்பெனி. கணக்கு ஒப்படைக்காமல் செத்த மாதிரி கிடந்தது.

"அப்போ மூஞ்சிகூடக் கேக்கல," என்றாள் ரோசில்டா. "பாஸ்வேர்டுல எங்க கல்யாண தேதியப் போட்டிருப்பாரு. அந்தத் தேதிகூட அவருக்கு ஞாபகமில்ல… ஒரு தடவை என்கிட்ட கேட்டாரு, நம்ம தேதி என்னன்னு. கல்யாண நாளைக் கொண்டாடத்தான் கேக்கறாருன்னு நான் சந்தோஷப்பட்டேன்க்கா."

லிண்டால்வாவுக்கு அந்தக் கத்தரியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கலாம் போல இருந்தது. இறங்கவில்லை. தங்கையின் முழங்காலில் கையை வைத்தாள்.

"இதை எழுப்பலாம். விட்டுப்போன கணக்கை ஒப்படைச்சா உயிர் வந்துடும். ரெண்டு பேருமா போய்த் தைனாராவைப் பாப்போம். ஆனா உதிரிப் பாகம்னு இருக்கறதை எடுத்துட்டு என்ன தொழில்னு போடறது?"

"தொழிலா?"

"உன் தொழில். உனக்கு என்ன செய்யத் தெரியும்னு கேக்கறாங்க."

ரோசில்டாவிடம் இதை யாரும் கேட்டதே இல்லை. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோளத்தைத் துருவித் துருவி விரல் நுனிகள் தடித்திருந்தன. ஒவ்வொரு ஜூனிலும் புருஷன் வீட்டு ஜனங்கள் அத்தனை பேருக்கும் பமோன்யா செய்கிறவள் அவள்தான். துருவிய சோளத்தில் தேங்காய்ப்பால் விட்டு, மடலில் பொதிந்து, தண்டில் நார் கிழித்துக் கட்டி அவித்து, அண்டா அண்டாவாக இறக்குவாள். தின்றுவிட்டு மடலைக் கீழே போட்டுப் போவார்கள். அதையும் அவளே பெருக்குவாள்.

வெளியே ஹாரன் விடாமல் அடித்தது.

"அவரு கூப்பிடறாரு," என்று பாதி எழுந்தாள்.

லிண்டால்வா போனை நீட்டியபடியே இருந்தாள்.

ரோசில்டா முழுதாக எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருவில் வண்டிக்குள்ளிருந்து வால்டெமிர் கையை ஆட்டினான், முடிந்ததா என்று கேட்கிற மாதிரி.

"வேலையா இருக்கேன்!" என்று கத்தினாள் ரோசில்டா. "நீ போ!"

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பமோன்யான்னு போடு. இனிப்பும் உண்டு, உப்பும் உண்டு. ரெண்டையும் எழுதுக்கா."